பிரீமியம் எகானமி: ஆளுக்கு 3,000 வெள்ளி கூடக் கொடுத்தால் தகுமா?

டீச்சர் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் டீச்சர், அவர் கணவர், மாமியார் மூன்று பேரும் பத்து நாள் லண்டனுக்குப் போகிறார்கள். வேலை விஷயமும் இல்லை, தங்க உறவினர் வீடும் இல்லை. ஹோட்டல் எடுத்து ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும். மாமியாருக்கு 72 வயது. முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், முழங்கால் இரண்டும் தகராறு. கோலாலம்பூரில் டிக்கெட் போடுகிறவர் சாதாரண டிக்கெட் 4,000 வெள்ளி (ரிங்கிட்), பிரீமியம் எகானமி 7,000 வெள்ளி என்று விலை சொல்லி, “வயசானவங்க வர்றாங்க, மூணு பேருக்கும் பிரீமியமே போட்டுடுங்க” என்றிருக்கிறார். ஆக மொத்தம் 9,000 வெள்ளி கூட. “அண்ணே, இந்தக் காசு தகுமா, இல்லை வீண் பகட்டா?” என்பதுதான் கேள்வி.

மூன்று பேருக்கும், போக வர இரண்டு பக்கமும் என்றால் தகாது. மாமியாருக்கும் அவர் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்கும், போகும் பக்கம் மட்டும் என்றால் தகும். ஒரு பக்கத்துக்கு ஆளுக்கு 1,500 வெள்ளி கூட, ஆக ஏறக்குறைய 3,000 வெள்ளியில் முடிகிற காரியம் இது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். வருடத்துக்குப் பத்துத் தடவையாவது இதே கேள்வி கடைக்கு வருகிறது.

பிரீமியம் எகானமி புதுச் சரக்கு இல்லை. 1992-இல் தைவானின் ஈவா ஏரும் பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக்கும் ஆரம்பித்து வைத்தவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2015-இல்தான் கொண்டுவந்தது, எமிரேட்ஸ் அதற்கும் பின்னால். பெயரில் இரண்டு சொல் இருக்கிறது, பலர் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டுக் காசு கட்டுகிறார்கள். இதை பிசினஸ் வகுப்பின் தம்பி என்று நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாற்றம்தான். எகானமியின் அண்ணன் என்று நினைத்து ஏறினால் சந்தோஷமாக இறங்கலாம். நாற்காலி நன்றாகச் சாயும், ஆனால் தட்டையாகாது. விமான நிலையத்தில் லவுஞ்ச் பெரும்பாலும் கிடையாது. வரிசையில் முன்னால் விடுவார்கள், திரை கொஞ்சம் பெரிது, சாப்பாடு கொஞ்சம் மேல், பெட்டிக்கு 35 கிலோ வரை. இதெல்லாம் சில்லறை. விலை கொடுப்பது நாற்காலிக்குத்தான், அதனால் நாற்காலியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். செம்பனை நடும்போது மரத்துக்கு மரம் ஏறக்குறைய முப்பது அடி விடுவார்கள். அது தண்டுக்கும் தண்டுக்கும் உள்ள தூரம். நடுவில் நாம் நடக்கிற இடம் அவ்வளவு இருக்காது, மட்டை இரண்டு பக்கமும் தாழ்ந்து வந்து மறைத்துக்கொள்ளும். விமானத்தில் ‘பிட்ச்’ என்று போட்டிருப்பதும் அப்படித்தான். ஒரு நாற்காலியின் ஒரு புள்ளியிலிருந்து முன் நாற்காலியின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. முதுகுப் பலகையின் தடிப்பு, பத்திரிகைப் பை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சாதாரண வகுப்பில் 31 அல்லது 32 அங்குலம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிரீமியத்தில் 38, எமிரேட்ஸில் 40 வரை. அகலம் சாதாரண வகுப்பில் 17, 18 அங்குலம். பிரீமியத்தில் 19, பத்தொன்பதரை.

அகலத்தை இடைவெளியால் பெருக்கிப் பாருங்கள். சாதாரண இருக்கை 17.5-ஐ 32-ஆல் பெருக்கினால் 560 சதுர அங்குலம். பிரீமியம் 19-ஐ 38-ஆல் பெருக்கினால் 722. ஏறக்குறைய 30 விழுக்காடு இடம் கூட. உங்களுக்குச் சொன்ன விலை? 4,000-இலிருந்து 7,000 என்றால் 75 விழுக்காடு கூட. ஏக்கருக்கு எத்தனை மரம் நட்டால் லாபம் என்று தோட்ட முதலாளி போடுகிற கணக்கைத்தான் விமானக் கம்பெனியும் போடுகிறது. கொஞ்சம் தள்ளித் தள்ளி நட்டு, காயை இரண்டு பங்கு விலைக்கு விற்க முடியும் என்றால் யார்தான் விடுவார்கள்?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கூடக் கிடைக்கிற அந்த ஆறு அங்குலமும் முழங்காலுக்கு முன்னால் கிடைப்பது. நல்ல காலுள்ளவனுக்கு அது வசதி. தேய்ந்த மூட்டுக்காரருக்கு அது வேறு சமாச்சாரம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “எத்தனை மணிக்குப் புறப்படுது?” என்பதுதான். பகல் விமானத்தில் மனிதர்கள் எப்படியும் தூங்குவதில்லை. இரண்டு படம் பார்ப்பார்கள், இரண்டு வேளை சாப்பிடுவார்கள், நாலு தடவை எழுந்து நடப்பார்கள். அதற்கு அகலமான நாற்காலி எதற்கு? ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஏறி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே மூச்சில் பறந்து, விடிகிற நேரத்தில் இறங்குகிற விமானம் என்றால் அங்கேதான் பிரீமியம் எகானமி காசுக்கு வேலை செய்கிறது. எட்டு மணி நேரத்தில் ஏறியதும் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டில் போய்விடும், இறங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் விளக்குப் போட்டு எழுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது நாலரை. ஏழு மணி நேர விமானம் என்றால் மூன்றரைதான் மிஞ்சும். அந்தத் தூக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடுப்பது எனக்கு மனசு வராத காரியம்.

இதனால்தான் துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. கோலாலம்பூரிலிருந்து துபாய் ஏழு மணி நேரம், அங்கிருந்து லண்டன் இன்னொரு ஏழு. தூக்கம் நடுவில் ஒடிந்துவிடும். நள்ளிரவில் ஏறி, துபாயில் கொட்டக் கொட்ட விழித்து உட்கார்ந்து, அடுத்த விமானத்தில் வெளிச்சத்தோடு பறக்க வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் முதல் துண்டு ஒரு மணி நேரம், அடுத்தது லண்டன் வரை ஏறக்குறைய 14 மணி நேரம் ஒரே நீட்டு. வாங்குகிற நாற்காலி முழுசாகப் பயன்படும்.

சென்னை, திருச்சிக்குப் போகிறவர்கள் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிடலாம். நாலு மணி நேரம். பாதி விமானங்கள் நடுவில் ஒரே வழி உள்ள சின்ன விமானங்கள், பக்கத்துக்கு மூன்று நாற்காலி. அவற்றில் முன் வரிசையை ஏதோ ஒரு அலங்காரப் பெயர் போட்டு விற்பார்கள். அந்தக் காசைப் பெட்டி எடைக்குக் கட்டுங்கள். திரும்பி வரும்போது சேலையும் பித்தளைக் குத்துவிளக்கும் வருகிற வீடுகள் நம்முடையவை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்து, ஒரு வாரம் ஆடிக்கொண்டே பினாங்கில் வந்து இறங்கியவர். அவர் அதைப் பற்றிச் சொல்லாத குறை இல்லை. ஆனாலும் டெக் டிக்கெட்டில் காலை நீட்டிப் படுக்க முடிந்தது. பிரீமியம் எகானமியில் அது முடியாது என்று ஒரு தடவை கடையில் சொன்னேன், வந்தவர் சிரித்துவிட்டு சாதாரண டிக்கெட்டே போதும் என்று போய்விட்டார்.

ஆஸ்திரேலியா, ஜப்பான், கொரியா என்றால் கணக்கு மாறும். ஏழு, எட்டு மணி நேரம், பெரும்பாலும் ராத்திரி. அங்கே ஏர்ஏசியா எக்ஸ் ‘பிளாட்பெட்’ என்று முன்னால் பன்னிரண்டு நாற்காலி வைத்திருக்கிறது. முழுசாகத் தட்டை ஆகாது, ஒரு சரிவு இருக்கும். ராத்திரி நடுவில் மெல்ல மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டு போவீர்கள். ஆனாலும் அது படுக்கைதான். சலுகை நாட்களில் மற்ற கம்பெனியின் பிரீமியம் எகானமி விலைக்கே அது கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். படுக்கைக்கும் சாய்வு நாற்காலிக்கும் ஒரே விலை என்றால் படுக்கையை எடுங்கள். சிங்கப்பூர் போய் ஏறத் தயார் என்றால் ஸ்கூட்டின் பெரிய விமானங்களில் ஸ்கூட்பிளஸ் இருக்கிறது. அதிலும் 38 அங்குலம், அகலம் 22. பெயர் மலிவுக் கம்பெனி, நாற்காலி மலிவில்லை.

சரி, லண்டனுக்கு வருவோம். டிக்கெட்டில் ‘பிரீமியம் எகானமி’ என்று எழுதியிருப்பதால் வழி முழுக்க அந்த நாற்காலி என்று நினைக்காதீர்கள். மலேசியா ஏர்லைன்ஸ் லண்டனுக்கு நேராகப் பறக்கிறது, ஆனால் அதில் பிரீமியம் எகானமி என்று தனி வகுப்பே இல்லை. எகானமிக்குள்ளேயே கால் நீட்ட இடமுள்ள சில வரிசைகளைக் கூடுதல் காசுக்குக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் கோலாலம்பூர்–சிங்கப்பூர் துண்டில் போவது சின்ன 737. அதில் பிசினஸும் எகானமியும்தான், நடு வகுப்பு கிடையாது. அது ஒரு மணி நேரம்தான், பரவாயில்லை. மற்ற வழிகளில் பரவாயில்லாமல் போகலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எந்த விமானம், எந்த நாற்காலி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத ஏஜென்ட்டிடம் டிக்கெட் போடாதீர்கள்.

விமான ரகம் முக்கியம் என்று நான் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டும் உடம்பில் கார்பன் இழை கலந்து கட்டியவை. உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்க முடியும்; பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். கேமரன் மலை உச்சிக்கும் அதற்கு மேல் இன்னொரு மலைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. காதடைப்பும் தலைவலியும் புது விமானத்தில் குறைவு. புது விமானத்தின் சாதாரண நாற்காலியில் போய் இறங்கியவர் பழைய விமானத்தின் பிரீமியத்தில் போனவரைவிடத் தெளிவாக இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் போகிற தம்பதிகளுக்கு இன்னொன்று. ஏ330-இல் முழுச் சேவைக் கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டு, நாலு, இரண்டு என்று நாற்காலி போடுவார்கள். ஜன்னல் பக்க ஜோடியைப் பிடித்தால் மூன்றாவது ஆள் தொந்தரவே இல்லை. அதற்கு நாற்காலித் தேர்வுக் கட்டணம் மட்டும்தான்.

இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பள்ளி விடுமுறையில் உதவாவிட்டாலும். பிரீமியம் நாற்காலியின் கைப்பிடிக்குள் மேசையை மடித்து வைத்திருப்பதால் அதைத் தூக்க முடியாது. எகானமியில் பல வரிசைகளில் தூக்கலாம். கூட்டமில்லாத மாதத்தில், பின்பக்கம் மூன்று நாற்காலி காலியாகக் கிடைத்தால் கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். அந்த ராத்திரி முன்னால் ஏழாயிரம் கொடுத்தவர் சாய்ந்து கிடப்பார், நாலாயிரம் கொடுத்தவர் படுத்துத் தூங்குவார். டிசம்பரில் இந்த யோகம் அடிக்காது, நம்பிப் போகாதீர்கள்.

இப்போது ஒரு விஷயம், இது நாற்காலியைவிடப் பெரியது. நம் ஊர்க்காரர்கள் வெளிநாடு என்றாலே கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையம் போய், பஸ் பிடித்து, கேஎல்ஐஏ போய்ச் சேர நாலைந்து மணி நேரம். ரயில் என்றால் ஈப்போவிலிருந்து கேஎல் சென்ட்ரல் இரண்டரை மணி நேரம், அப்புறம் பெட்டியை இழுத்துக்கொண்டு கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் மாற வேண்டும். அது என்னவோ 28 நிமிடம்தான், ஆனால் மாமியாரோடு மூன்று பெட்டியோடு மாறிப் பாருங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே முழங்கால் வீங்கிவிடும். அதற்குப் பிறகு 38 அங்குலம் கொடுத்து என்ன பயன்?

நம் ஊருக்குப் பினாங்கு விமான நிலையம் கிட்டத்தட்ட பாதித் தூரம். நெடுஞ்சாலையில் ஏறினால் பாலம் தாண்டி அந்த விமான நிலையம் இருக்கிற பாயான் லெப்பாஸ் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸே சிங்கப்பூருக்குப் பறக்கிறது. ஹாங்காங் வழியாகப் போக கேத்தே பசிபிக்கும் உண்டு. இன்னும் பக்கத்தில் வேண்டும் என்றால் ஈப்போ விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் இருக்கிறது, வீட்டிலிருந்து அரை மணி நேரம். எதில் போனாலும் லண்டன் வரை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று சிங்கப்பூர் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று பிரித்து எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. பெட்டியும் நேராகப் போகாது.

மாமியார் விஷயம். பால்மரம் வெட்டிய கால் எப்படித் தேயும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. என் அம்மாவும் வெட்டினவர்தான். மூட்டு தேய்ந்தவர்களுக்கு மடக்கியே வைத்திருப்பதுதான் வேதனை. பிரீமியத்தில் கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ தாங்கு பலகை இருக்கும், முழங்காலைப் பாதிக்கு மேல் நீட்டலாம். சாதாரண நாற்காலியில் 14 மணி நேரம் தொண்ணூறு பாகையில் மடிந்து கிடந்தால் லண்டனில் இறங்கி முதல் இரண்டு நாள் ஹோட்டல் கட்டிலோடு போய்விடும். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அவருடைய நாற்காலிக்கு நான் சரி சொல்வது இந்தக் கணக்கில்தான்.

அவசர வழிக்குப் பக்கத்து வரிசை நிறைய இடம் இருக்குமே என்று கேட்பீர்கள். அங்கே வயதானவர்களையும் நடக்கச் சிரமப்படுபவர்களையும் உட்கார வைக்க மாட்டார்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவ வேண்டியவர்கள் உட்காரும் இடம் அது. காசு கட்டி எடுத்தாலும் ஏறின பிறகு மாற்றிவிடுவார்கள். முன் தடுப்புச் சுவர் வரிசையில் கால் நீட்ட இடம் இருந்தாலும் மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் அகலம் குறையும். தொட்டில் மாட்டுவதும் அங்கேதான், ராத்திரி முழுக்கக் குழந்தை பாடும்.

நாற்காலி மருந்தில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தே போனால் காலில் இரத்தம் உறையும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஆனாலும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்று கண்டார்கள். விமானம் மட்டும் இல்லை, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அதனால் பிரீமியத்தில் போனாலும் வழியோர நாற்காலியே எடுத்துக் கொடுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுப்பி நடக்க விடுங்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள். கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. சர்க்கரை, இருதய மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார் என்றால் புறப்படுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியை மறந்துவிடாதீர்கள். பெரிய விமானக் கம்பெனிகளில் அதற்குக் காசில்லை. இரண்டு நாளுக்கு முன்பே டிக்கெட்டில் பதிவு செய்ய வேண்டும். “படி ஏற முடியுமா, விமானத்துக்குள் தானாக நடப்பாரா?” என்று கேட்பார்கள், படி ஏறுவது கஷ்டம் என்றால் அப்படியே சொல்லுங்கள். நம் ஆட்கள் கௌரவம் பார்த்து “ஏறிடுவாங்க, ஏறிடுவாங்க” என்று சொல்லிவிட்டு அங்கே போய்த் திண்டாடுவார்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடை ரொம்ப நீளம். இந்த ஒரு இலவச உதவி பல பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி நாற்காலியைவிட அதிகம் கைகொடுத்திருக்கிறது. சாப்பாடும் அப்படித்தான். மாமியார் சைவம் என்றால் இந்தியச் சைவச் சாப்பாடு எகானமியிலும் காசில்லாமல் கிடைக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் போகும் பக்கம் மட்டும்? போகும்போது இறங்கின அன்றைக்கே விடுமுறை ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஹோட்டலுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பவுண்டில் கட்டியிருக்கிறீர்கள். திரும்பும்போது சொந்த வீட்டுக்கு வருகிறீர்கள். சொந்தக் கட்டில், சொந்தக் கஞ்சி, இரண்டு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். பெரும்பாலான கம்பெனிகளில் ஒரே டிக்கெட்டில் போக ஒரு வகுப்பு, வர ஒரு வகுப்பு என்று போட முடியும். விலை ஏறக்குறைய பாதிப் பாதியாக விழும். ஏஜென்ட் “அப்படியெல்லாம் முடியாது” என்றால், இன்னொரு தடவை அழுத்திக் கேளுங்கள்.

மிச்சமாகும் காசில் ஒன்று கட்டாயம் செய்யுங்கள். சிங்கப்பூரிலிருந்து ராத்திரி ஏறினால் லண்டனில் விடியற்காலையில் இறங்குவீர்கள். ஹோட்டல் அறை மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். டிசம்பர் குளிரில் மாமியாரை ஹோட்டல் வரவேற்பறை நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பதா? முந்தின ராத்திரிக்கே அறையைப் பதிவு செய்துவிடுங்கள், “விடியற்காலையில்தான் வருவோம், அறையை விட்டுவிடாதீர்கள்” என்று எழுதியும் அனுப்புங்கள். குளித்துப் படுத்து மத்தியானம் எழுந்தால் அன்றைக்கே வெளியே போகலாம். பயணத்தில் நான் கொடுத்த காசுகளில் கொஞ்சமும் வருந்தாத காசு இது.

காசு கட்டினாலும் நாற்காலி கிடைக்காமல் போகலாம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நானும் வீட்டுக்காரியும் ஐரோப்பாவுக்குப் பிரீமியம் போட்டோம், கல்யாண நாளுக்கு. புறப்படுகிற அன்றைக்கு விமானத்தை மாற்றிவிட்டார்கள். மாறி வந்த விமானத்தில் அந்த வகுப்பே இல்லை. கழிப்பறைக்கு முன்னால் நடு நாற்காலி இரண்டு கொடுத்து, “வித்தியாசம் திருப்பித் தருவோம்” என்றார்கள். அந்த வித்தியாசம் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதுவும் அவர்கள் சொன்ன கணக்கு, நான் கட்டின கணக்கு இல்லை. அதனால் டிக்கெட் போடும்போதே சாதாரண விலை எவ்வளவு, பிரீமியம் விலை எவ்வளவு என்று அன்றைய தேதியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதியில், அங்கிருந்து புறப்படும் விமானத்தில் வகுப்பைக் கீழே இறக்கினால் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட பயணத்துக்கு டிக்கெட் விலையில் 75 விழுக்காடு திருப்பித் தர வேண்டும். பிரிட்டனும் அதே விதியைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. நம் பக்கத்திலிருந்து ஐரோப்பிய, பிரிட்டிஷ் கம்பெனி அல்லாத விமானத்தில் புறப்படும்போது அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை, எனவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னும், முந்தின நாளும் நாற்காலிப் படத்தைத் திறந்து பாருங்கள். எண் மாறியிருந்தால் உடனே போன் போடுங்கள்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போடுவேன். பினாங்கிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ராத்திரி விமானத்தில் லண்டன். நீண்ட துண்டில் மாமியாருக்கும் உங்களுக்கும் பிரீமியத்தில் ஓரத்து ஜோடி நாற்காலி. 14 மணி நேரம் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் என்பது வேறு பிரச்சனை, அதற்கு என்னிடம் டிக்கெட் இல்லை. சார் பின்னால் சாதாரண வகுப்பில் வழியோர நாற்காலியில் நிம்மதியாகப் படம் பார்த்துக்கொண்டு வருவார். அல்லது மகன் அம்மாவோடு உட்காரட்டும், நீங்கள் பின்னால் தூங்குங்கள். அது உங்கள் வீட்டு விவகாரம். திரும்பும்போது மூன்று பேரும் சாதாரண வகுப்பு, மாமியாருக்கு மட்டும் கால் நீட்ட இடமுள்ள நாற்காலி கூடுதல் காசுக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

டிக்கெட் போடுவதற்கு முன் பெயரைச் சரி பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் ஏ/பி, ஏ/எல் என்று (இன்னாரின் மகள், மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) நடுவில் இருப்பது விமானக் கம்பெனி கணினிக்குப் பிடிக்காது, சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்று தனியாகக் கேட்கும், நமக்கு அது கிடையாது. மூன்று பேருக்கும் ஒரே முறையில் எழுதுங்கள், மாமியாருக்கு ஒரு மாதிரி உங்களுக்கு ஒரு மாதிரி வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து நாம் பிரிட்டனுக்குள் போக ‘ஈடிஏ’ என்ற மின்னணு அனுமதியும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும், ஆளுக்குத் தனித்தனி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி. மாமியார் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எப்படி எழுதுவது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.